ஞாயிற்றுக்கிழமை விறகு

ஊரப்பாக்கத்தில் நான் குடியிருந்த மாடி அறையில் ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஒரு கரண்ட் அடுப்பு. அடுப்பை வாங்கிய வாரம் மட்டும்தான் சமைத்தேன். ஒருத்திக்கு உலை வைப்பது எவ்வளவு அலுப்பான காரியம் என்பது ஒருத்தியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அரிசியை எவ்வளவு குறைத்துப் போட்டாலும் சோறு மிஞ்சும். மத்தியானச் சோற்றை ராத்திரி தின்னவேண்டும், ராத்திரியும் மிஞ்சினால் காலையில் தின்னவேண்டும். போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன். காலையில் ஸ்டேஷன் வாசலில் இட்லி, மத்தியானம் செங்கல்பட்டில் மெஸ், ராத்திரி பன்னும் டீயும். அடுப்பின் மேல் துணி மடித்து வைத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டு அம்மாள் நல்ல மாதிரி. என்னைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் "மேல தண்ணி வருதா?" என்று கேட்பார். நான் அங்கே இருந்த வருஷங்கள் முழுக்க அது ஒன்றைத்தான் கேட்டார். "சாப்பிட்டியா?" என்று ஒரு நாள் கேட்டிருந்தால் குறைந்தா போயிருப்பார்? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மனதுக்குள் அவரோடு எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முப்பத்து நாலு வயதில், எம்.எஸ்ஸி. படித்து, சொந்தமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த எனக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு கேள்விதான். கோவில்பட்டிப் பக்கத்தில் இருந்த அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் பம்பாயில். கல்யாணம் இரண்டு தடவை தட்டிப் போனது, மூன்றாவது தடவை நானே தட்டிவிட்டேன். கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

தொண்ணூறுகள் முடிந்து புது நூற்றாண்டு பிறந்திருந்த சமயம் அது. கடல் ஊருக்குள் வந்த வருஷத்துக்கு முன்னால். செங்கல்பட்டில் ஏரியைப் பார்த்த ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் நானும் சாரும் ஒரு கம்ப்யூட்டரும். சார் எங்கோ பெரிய ஆராய்ச்சி வேலையிலிருந்து ஓய்வுபெற்று வந்தவர். ஒரு வட்டாரம் ஒரு வருஷத்தில் எதையெல்லாம் எரிக்கிறது, அதில் எவ்வளவு கரியமில வாயுவாக மேலே போகிறது, அதை எங்கே, எதைக்கொண்டு குறைக்கலாம் என்று ஊர் ஊராகக் கணக்குப் போட்டு ஒரு திட்டம் எழுதுவதுதான் எங்கள் வேலை. இன்றைக்கு இதற்கெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள் வைத்துவிட்டார்கள். அன்றைக்குக் கீழே இருந்த டீக்கடைக்காரர் எங்களைக் "கரிக்கணக்கு ஆபீஸ்" என்பார். அந்தப் பெயரே எனக்குப் பிடித்திருந்தது.

வெளிநாட்டிலிருந்து ஒரு கணக்குத்தாள் ஃபிளாப்பியில் வந்திருந்தது. கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டம் கட்டமாகக் கேள்வி கேட்கும். இந்த ஊரில் பம்ப்செட் எத்தனை, செங்கல் சூளை எத்தனை, படகுக்கு டீசல் எவ்வளவு, அடுப்புக்கு விறகு எவ்வளவு என்று. தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டால் அதுவே ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். சாருக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"எந்த ஊர் அடுப்பை அளந்து இந்த எண்ணைப் போட்டானோ! நம்ம ஊர் அடுப்பை நாமதாம்மா அளக்கணும்" என்பார்.

கரண்டுக்கு பில் இருக்கிறது, டீசலுக்கு பங்க் இருக்கிறது, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடை இருக்கிறது. விறகுக்கு மட்டும் யாரிடமும் ரசீது கிடையாது. ஆகவே ஒரு ஸ்பிரிங் தராசையும் கயிற்றையும் கொடுத்து என்னைக் கடற்கரைக்கு அனுப்பினார். திருப்போரூர்ப் பக்கத்து விவசாய ஊர்களை முதலில் முடித்தேன். அங்கே எல்லாரும் வயலுக்குப் போய்விடுவார்கள். பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்து நாய்க்கு பிஸ்கட் போட்டுக்கொண்டு காத்திருப்பேன். யாராவது வந்ததும் எடை போட்டு எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதற்கப்புறம்தான் கடப்பாக்கத்துக்கு அந்தண்டை இருந்த அந்தக் குப்பத்துக்குப் போனேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போய், அங்கே பாண்டிச்சேரி பஸ் பிடித்து, இடிந்த கோட்டைக்குப் போகும் வழியில் இறங்கி மணலில் நடக்கவேண்டும். ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு சவுக்குத் தோப்பு. தோப்பு சர்க்காருடையது. ஆனால் கீழே விழும் சுள்ளியும் மிளாறும் சருகும் குப்பத்துப் பெண்களுடையது. அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, காலகாலமாக நடந்துகொண்டிருந்தது. அந்த மிளாறில்தான் அத்தனை அடுப்பும் எரிந்தது.

முதல் நாள் நான் போய் நின்ற வீட்டுக்காரிக்கு ஏறக்குறைய என் வயது. புருஷன் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன், இரண்டு பெண் குழந்தைகள். வீட்டுக்குப் பின்னால் ஓலை போட்ட சமையல் கொட்டாய். அவள் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னா மேடம் இது? வெறகுக்கு எட போட்டு இன்னா பண்ணப் போறீங்கோ?"

விளக்கினேன். இன்றைக்கு ஒரு கட்டு விறகை எடை போட்டு வைப்பேன், அதிலிருந்து மட்டும் எடுத்து எரிக்கவேண்டும், நாளைக்கு வந்து மிச்சத்தை எடை போடுவேன், குறைந்தது எவ்வளவோ அதுதான் ஒரு நாள் விறகு என்றேன். கேட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏ, இங்க வந்து பாரேன்! நம்ம வெறகுக்கு ரிசல்ட் போடப் போறாங்களாம்!"

சிரிப்பான சிரிப்பு. எனக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது, பிறகு நானும் சிரித்துவிட்டேன். ஒரு வரிசை வீடுகள் சம்மதித்தன. எடை போட்டு வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மிச்சத்தை எடை போட்டு நிமிர்ந்தபோது அவள் தட்டை எடுத்துவந்து தரையில் வைத்தாள்.

"குந்து மேடம். துன்னுட்டுப் போ."

"இல்ல, பரவால்ல..."

"இன்னா பரவால்ல? மூஞ்சப் பாரு, காஞ்ச கருவாடு கணக்கா. குந்தும்மா."

சங்கரா மீன் குழம்பு. எங்கள் கரிசல் ஊருக்கு மீன் வந்து சேர்வதற்குள் அதற்குக் கடலே மறந்துபோயிருக்கும். இது காலையில் கடலில் இருந்த மீன். நான் கூச்சம் பார்க்காமல் இரண்டாவது தடவை சோறு வாங்கினேன். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. கண் கலங்கிவிட்டது. குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த நாள் பக்கத்து வீடு. அதற்கடுத்த நாள் எதிர் வீடு. நான் போகும்போதே யாராவது ஒருத்தி வாசலில் நின்றுகொண்டு "இன்னிக்கி எங்க வூட்ல" என்பாள். நெத்திலி, கானாங்கத்தை, ஒரு நாள் சுறாப் புட்டு. எடைக்கு ஒத்துக்கொண்ட வீடுகள் முறை போட்டுக்கொண்டு எனக்குச் சோறு போட்டன. அது முறை என்பதுகூட எனக்குத் தெரியாது. ஏதோ நான் போன நேரம் சாப்பாட்டு நேரம் என்று நினைத்துக்கொண்டேன். 'மேடம்' ஒரு வாரத்தில் 'யக்கா' ஆனது. என் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

"இன்னாக்கா நீ, பேசறியா, பாட்டு பாடறியா? 'வந்தாவ, போனாவ'ன்னு இழுத்துகினு கீற!"

"நீங்க மட்டும் என்னவாம்? பேச்சில பாதியக் கடல்ல போட்டுட்டுத்தான் கரைக்கே வாரிய" என்று நானும் விடமாட்டேன்.

என் ரவிக்கை இறுகியது. மாடி அறைக்குத் திரும்பும்போது புடவையில் புகை நாற்றம் இருக்கும். உடனே துவைக்க மனசு வராது. கொடியில் போட்டுவிட்டு அந்த நாற்றத்தோடு தூங்குவேன். மறுநாள் எழுந்திருக்கக் காரணம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். ஞாயிறு விடுமுறை. அன்றைக்குக் குப்பத்துக்குப் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எலக்ட்ரிக் ட்ரெயின் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வருகிற ட்ரெயின், போகிற ட்ரெயின். பார்த்துப் பார்த்து அலுத்து, மத்தியானமே படுத்துவிடுவேன்.

எடை போட்ட எண்களையெல்லாம் கணக்குத்தாளில் ஏற்றினேன். அந்தச் சமயத்தில் ஜில்லா அதிகாரிகள் கூட்டம் ஒன்று வந்தது. வரைவுக் கணக்கை சார் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் சரியாக இல்லை. மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் குப்பத்துக் கணக்கைப் பார்த்துட்டு ஒரே பேச்சும்மா. தோப்பைக் கவனிக்கிற அதிகாரி எழுந்து, 'இவ்வளவு எரிக்கிறாங்கன்னா மிளாறு மட்டும் போதாது, மரத்தையே வெட்டறாங்க. சுத்தி முள்வேலி போட்டு ஆளை நிறுத்திட வேண்டியதுதான்'னுட்டார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலி போட்டால் அந்தப் பெண்கள் விறகுக்கு எங்கே போவார்கள்? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அது என் தராசாலேயே நடக்கப் போகிறதா?

"மரத்துல ஒரு வெட்டுக்கூட இல்ல சார். நான் தினமும் அந்தத் தோப்பு வழியாத்தான் நடக்கேன்" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"எங்கிட்ட கத்தி என்னம்மா பிரயோஜனம்? எண் அப்படிச் சொல்லுது. திருப்போரூர்ப் பக்கத்து அடுப்பைவிட இது ரொம்ப அதிகம். வா, சேர்ந்து பார்ப்போம்."

இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். சார் ஒவ்வொரு வீடாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்தார். சனிக்கிழமை நான் எடை போட்டுவிட்டு வந்தால் திங்கட்கிழமைதான் மறுபடி எடை. நடுவில் ஞாயிறு.

"இதென்ன, எல்லா வீட்டிலேயும் ஞாயிறு சேர்ந்தா ஒரு நாள் விறகு குறையுது? அன்னிக்கு விரதம் கிரதம் உண்டா?"

"விரதமா! அன்னிக்குத்தான் சார் எல்லாரும் வீட்ல இருப்பாங்க. கூடத்தான் ஆக்குவாங்க."

"அப்ப ஏன் குறையுது? அன்னிக்கு என்ன வித்தியாசம்?"

அன்றைக்கு ஒரே ஒரு வித்தியாசம்தான். ஞாயிற்றுக்கிழமை நான் போவதில்லை.

நான் போகிற நாளெல்லாம் அவர்கள் எனக்காகத் தனியாக ஆக்கியிருக்கிறார்கள். சோறு வடித்து, குழம்பு வைத்து, வறுக்கவும் செய்து. விருந்தாளி வருகிறாள் என்று ஒரு வீடு ஆக்கினால் அடுத்த வீடு சும்மா இருக்குமா? 'அவ வூட்ல ரெண்டு கொழம்பு வெச்சாளாமே' என்று இங்கேயும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சட்டி ஏறியிருக்கிறது. அந்த வரிசை அடுப்புகள் எல்லாம் எனக்காக எரிந்திருக்கின்றன, அத்தனையையும் நான் ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு, ஊருடைய வழக்கம் என்று எழுதி வந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. சார் முன்னால் எப்படி அழுவது? சந்தோஷத்தில் வருகிறதா, பயத்தில் வருகிறதா என்றும் தெரியவில்லை. என் ஆயுசில் எனக்காக அத்தனை பேர் உலை வைத்ததில்லை.

விஷயத்தைச் சொன்னேன். சார் வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"ஞாயிறை மட்டும் காட்டினா ஒத்துக்க மாட்டாங்கம்மா. முழுசா மறுபடி எடுக்கணும். யாரும் எதையும் கூட ஆக்கக் கூடாது. உனக்குச் சங்கடமா இருந்தா வேற ஆளை அனுப்பறேன்."

"வேற ஆள் போனா அவருக்கும் ஆக்குவாங்க. நானே போறேன் சார்" என்றேன். அது பாதிதான் உண்மை. என்னால் போகாமல் இருக்க முடியாது என்பது மீதி.

மறுநாள் குப்பத்தில் அந்த முதல் வீட்டுக்காரி தட்டை எடுத்துவந்தபோது நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இனிமேல் எனக்காக ஆக்கவேண்டாம் என்றேன். அவள் முகம் மாறியதை இன்னும் மறக்க முடியவில்லை.

"ஏன்? எங்க வூட்டு சோறு ஆகாதா? இத்தினி நாளு துன்னியே, இப்ப இன்னா யாராவது சொன்னாங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கடற்கரையில் யார் வீட்டில் யார் சாப்பிடமாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் அறிந்திருந்தார்கள். அந்தப் பேச்சு என் மேல் விழுவதை என்னால் தாங்க முடியாது. தோப்பு, வேலி, எண் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கேட்கக் கேட்க இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"நீ துன்ற ஒரு வாய் சோத்துக்கு தோப்புக்கு வேலியா! இன்னா பேஜாருபா இது! மொதல்லியே சொல்லியிருந்தா நான் ஏன் ஆக்கப் போறேன்? இரு, இத்த நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு மாலையே புருஷன் மூலம் ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். குப்பத்தில் ஊர்க் கட்டுப்பாடு என்று ஒன்று உண்டு. எந்த நாள் கடலுக்குப் போகக்கூடாது, எந்த வலையைப் போடக்கூடாது என்பதையெல்லாம் ஆண்கள் வலை பின்னும் கொட்டாயில் உட்கார்ந்து முடிவுசெய்வார்கள். போட்டால் போட்டதுதான். மீறினால் தண்டம். மறுநாள் நான் தோப்பைத் தாண்டும்போதே அம்மன் கோயில் மைக் கரகரத்தது.

"இதனால சகலருக்கும் தெரிவிக்கறது இன்னான்னா, தராசு எடுத்துகினு வர்ற மேடத்துக்கு யாரும் சோறு, கொழம்பு, நாஸ்தா, டீ, காப்பி எதுவும் குடுக்கக் கூடாது. அது ஊருக்குக் கேடு. மீறிக் குடுக்கறவங்க தண்டம் கட்டணும்."

இரண்டு தடவை சொன்னார்கள். நான் மணலில் நின்று முழுதும் கேட்டேன். சிரிப்பு வந்தது. என்னைவிடச் சிறப்பாகச் சோற்றிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவள் இந்த ஜில்லாவில் உண்டா என்றுகூடத் தோன்றியது. சிரித்துக்கொண்டேதான் ஊருக்குள் போனேன். வாசல்களில் யாரும் நிற்கவில்லை.

இரண்டாவது சுற்று தொடங்கியது. கட்டுப்பாட்டை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் விறகைத் தயாராக வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். நான் எடை போடுவேன், எழுதுவேன், நகர்வேன். 'யக்கா' மறுபடி 'மேடம்' ஆகிவிட்டது. பேசினால் உட்காரச் சொல்லவேண்டி வரும், உட்கார்ந்தால் தண்ணீராவது கொடுக்கவேண்டி வரும் என்று பேச்சையே குறைத்துக்கொண்டார்கள். மகாபலிபுரத்தில் பொட்டலம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்து, தோப்பில் சருகு மேல் உட்கார்ந்து தின்றேன். கடல் சத்தமும் குப்பத்துப் பாத்திரச் சத்தமும் அங்கே கேட்கும்.

ஒரு நாள் அவள் வீட்டில் எடை போட்டு முடித்தேன். வெயில் அதிகமாக இருந்தது. சமையல் கொட்டாயின் நிழலில் சற்று உட்கார்ந்துவிட்டேன். உள்ளே சட்டி மூடி இருந்தது. குழம்பு வாசனை வந்தது. பெரிய பெண் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சின்னவள் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். அவள் புருஷன் கடலிலிருந்து வந்து குளித்துவிட்டு, சுவரோரம் நின்றான். எல்லாருக்கும் பசி. யாரும் தட்டை எடுக்கவில்லை. எனக்குப் புரிய நேரமாயிற்று. வந்தவளுக்குப் போடாமல் அவள் முன்னால் உட்கார்ந்து தின்ன அவர்களுக்குத் தெரியாது. நான் எழுந்து போனால்தான் அந்தக் குழந்தைகள் சாப்பிடும்.

"வரேங்க" என்று எழுந்தேன்.

"சரி மேடம்" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு. வாசலைத் தாண்டுவதற்குள் தட்டுச் சத்தம் கேட்டது. அன்றைக்கு என் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம். சார்மேல், அந்த அதிகாரிமேல், கணக்குத்தாளைச் செய்தவன்மேல். எல்லாரையும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

எண் இறங்கியது. அழகாக இறங்கியது. திருப்போரூர்ப் பக்கத்து அடுப்பும் குப்பத்து அடுப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. கீழே விழுகிற மிளாறே போதும் என்று கணக்கில் தெரிந்தது. சார் அதை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் வைத்தார். முள்வேலிப் பேச்சு அதோடு நின்றது. திட்டம் புத்தகமாக அச்சாகி வந்தது. அந்தக் குப்பம் ஒரு வரி. அதில் விறகுக்கு ஒரு கட்டம், ஒரு எண். சார் அந்தப் பக்கத்தைத் திறந்து என்னிடம் காட்டி, "சுத்தமான எண்ணும்மா இது. ஒரு தூசி இல்ல" என்றார். ஆமாம் சார் என்றேன். அந்தத் தூசி நான்தான் என்பதை அவர் நினைத்துச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் வேலை என்னை உத்தரமேரூர்ப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அங்கே பம்ப்செட் கணக்கு. மோட்டாருக்கு நான் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவேன். மெஸ், பன், டீ. "மேல தண்ணி வருதா?" வருது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள், திடீரென்று எழுந்து புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலைதான் முடிந்துவிட்டதே. இனிமேல் தோப்புக்கு என்னால் ஒரு கெடுதலும் வராது. சும்மா பார்க்கப் போனால் என்ன? எனக்கென்று அந்தப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வழியில் ஒன்றும் சாப்பிடவில்லை. வேண்டுமென்றேதான் சாப்பிடவில்லை, வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போனேன்.

அவள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா! எங்கக்கா போய்ட்ட? எளச்சிட்டியே!" பிறகு என் தோளைப் பார்த்தாள். "தராசு எங்க?"

"தராசு இல்ல. சும்மாத்தான் வந்தேன். அந்த வேலை முடிஞ்சுபோச்சு."

"முடிஞ்சிபோச்சா? அப்ப வேலி?"

"வேலி கிடையாது."

அவள் இரண்டு கையையும் எடுத்துக் கடலைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என்னை நிழலில் உட்கார வைத்தாள். குழந்தைகள் வந்து ஒட்டிக்கொண்டன. சின்னவள் வளர்ந்திருந்தாள். அரைமணி நேரம் பேசியிருப்போம். சோற்றுச் சட்டி கொதித்து அடங்கும் சத்தம் உள்ளே கேட்டது. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கடைசியில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு சொன்னாள்.

"யக்கா, கட்டுப்பாடு போட்டாங்களே, அத்த இன்னும் எடுக்கல."

"என்னது?"

"யாரும் கேக்கல, அப்டியே கீது. போட்டா போட்டதுதான்க்கா. எடுக்கணும்னா மறுக்கா குந்திப் பேசணும். எங்க வூட்டுக்காரரு ஒரு தபா பேச்செடுத்தாரு. 'அந்தம்மாவே இங்க வர்றதில்ல, யாருக்காவ எடுக்கறது'ன்னுட்டாங்க." சற்றுத் தள்ளியிருந்த கொட்டாயைக் கண்ணால் காட்டினாள். ஆண்கள் அங்கே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். "தோ, அங்கதான் குந்திகினு கீறாங்கோ. நீயே ஒரு வார்த்த போய் சொல்லு. வேல முடிஞ்சிபோச்சி, இனிமே எனக்கு சோறு போடலாம்னு சொல்லு. இப்பவே எடுத்துடுவாங்க."

நான் கொட்டாயைப் பார்த்தேன். ஐம்பது அடி தூரம் இருக்குமா? பெரிய அதிகாரிகளிடமெல்லாம் குரலை உயர்த்திப் பேசியவள் நான். அந்த ஐம்பது அடி நடந்துபோய், அத்தனை ஆண்கள் முன்னால் நின்று, ஐயா எனக்குச் சோறு போட அனுமதி கொடுங்கள் என்று கேட்கவேண்டும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். எனக்கு ஒன்பது பறந்தது, மானம் மட்டும் அசையாமல் குந்திக்கொண்டிருந்தது. கேட்டுப் பெறுவதாக இருந்தால் ஊரப்பாக்கத்திலேயே கேட்டிருக்கமாட்டேனா? அந்தப் பாழாய்ப்போன கேள்வியை யாராவது தானாகக் கேட்கவேண்டும் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்தக் குழந்தைகள் நின்றன. அவற்றுக்கும் பசி நேரம்.

"போய்ச் சொல்றியாக்கா?"

"எதுக்குங்க? நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும். மகாபலிபுரத்துல நல்லா சாப்பிட்டேன். வயித்துல இடமில்ல."

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி வந்தது. "அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று என் கையில் லேசாக அடித்தாள். குழந்தைகள் சாப்பிடட்டும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். தோப்பு வரைக்கும் கூட வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னாள், வருகிறேன் என்றேன்.